வேட்டிக்கு எந்த நேஷன்?

போன சனிக்கிழமை மத்தியானம் துபாயில் ஒரு பப் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூட நின்றவர் என் மாமனார்.

இருங்கள்... மருமகள், மாமனார், பப் – மூன்றும் ஒரே வரியில் வருகிறதே என்று உங்களில் சிலர் இந்நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்திருப்பீர்கள். நீங்களாவது பரவாயில்லை. விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கார்த்தி தட்டில் இருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு, "அப்பாவையா? பப்புக்கா?" என்றார்.

தப்பு என்னுடையது இல்லை. கேட்டது மாமா.

இந்தப் பத்திக்குப் புதிதாக வந்தவர்களுக்காக மாமாவைப் பற்றிக் கொஞ்சம். சாத்தூர்க்காரர். பத்திர ஆபீஸுக்கு எதிரே சின்ன ரூமில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கப் பத்திரம் எழுதியவர். வடக்கே யார் வீடு, தெற்கே எந்த ஓடை என்று எழுதி எழுதிப் பழகியதில், எந்த வார்த்தையாக இருந்தாலும் அதற்கு நாலு பக்கமும் எல்லை போட்டால்தான் அவருக்குத் திருப்தி. "சீக்கிரம் வந்துர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினால், "சீக்கிரம்னா எப்பம்மா?" என்று கேட்டு வாசலில் நிறுத்திவிடுவார். எரிச்சலாக வரும். பதில் சொல்லாமல் போகவும் முடியாது.

அத்தை மதுரைக்கு, மகளின் பிரசவத்துக்காகப் போயிருக்கிறார். மாமா விசிட் விசாவில் எங்களோடு ஷார்ஜாவில் இருக்கிறார். வந்த நாளிலிருந்து ஃபிளாட்டை விட்டு அவர் வெளியே போனதே இல்லை. மாலுக்குக் கூப்பிட்டோம். கடற்கரைக்குக் கூப்பிட்டோம். "நீங்க போயிட்டு வாங்க, நான் டிவி பாக்கேன்" என்பார். காரிடாரில் லிஃப்ட்வரை நடப்பார், திரும்புவார். அவ்வளவுதான் அவருடைய வளைகுடா.

காரணம் இருக்கிறது. போன வருஷம் அவருக்குக் குடலில் பெரிய ஆபரேஷன். அதிலிருந்து வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு பை ஒட்டியிருக்கிறது. கழிவு எல்லாம் அந்தப் பைக்குத்தான் வரும். நிறைந்ததும் பாத்ரூமுக்குப் போய்க் காலி செய்துகொள்ள வேண்டும். வலி இல்லை. ஆனால் வெளியே போன இடத்தில் கசிந்தால்? வாடை வந்தால்? பாத்ரூம் தூரமாக இருந்தால்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் அவர் வாசற்படி தாண்ட மாட்டார்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுதிக்கோ. வாசிக்கிறவங்க நம்மள உள்ள விடவா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறதில்லையே" என்றார். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பேன்ட் அவருக்கு ஆகாது. இடுப்புப் பட்டி சரியாகப் பையின் மேல் வந்து உட்காரும். "எலாஸ்டிக் வெச்சது போடுங்கப்பா" என்று கார்த்தி ரோலா மார்க்கெட்டில் ஒரு டிராக் பேன்ட் வாங்கி வந்தார். போட்டுக்கொண்டு ஹாலில் நடந்து பார்த்தார். நடு ஹாலில் கசிந்துவிட்டது. ஒன்றும் ஆகாத மாதிரி நாங்கள் துடைத்தோம். ஆனால் அன்று முழுக்க அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. டிராக் பேன்ட் பீரோவுக்குள் போய்விட்டது. வேட்டிதான் அவருக்குச் சரி. மேலே ஏற்றித் தளர்த்திக் கட்டிக்கொள்ளலாம், பை இருப்பதும் தெரியாது.

இப்படி இருந்தவர் போன வாரம் என் ஃபோனை வாங்கிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆபீஸ் டீம் லஞ்ச் படங்கள். ஒரு படத்தில் நிறுத்தினார். எங்கள் அக்கவுன்டன்ட் கையில் ஒரு உயரமான பீர் கிளாஸ், நுரை வழிய வழிய.

"இது எங்கம்மா?"

"துபாய்ல ஒரு பப் மாமா. நான் லைம் சோடாதான்" என்றேன் அவசரமாக.

"அதைக் கேக்கல. இந்த கிளாஸ் நல்லா ஒசரமா இருக்கே. அங்க போலாமா?"

மூன்று மாதமாக எங்கே கூப்பிட்டாலும் மாட்டேன் என்றவர் 'போலாமா' என்கிறார். அது பப்பாக இருந்தால் என்ன, பஸ் ஸ்டாண்டாக இருந்தால் என்ன? டாக்டருக்கு ஃபோன் போட்டேன். "ஒரு சின்ன கிளாஸ், மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். காற்று சேரும், பை உப்பும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஷார்ஜாவில் பப் கிடையாது. எல்லை தாண்டித் துபாய்க்குத்தான் போக வேண்டும். கார்த்திக்கு சனிக்கிழமை சைட்டில் டியூட்டி. "பேன்ட் போட்டுட்டுப் போகச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் அதை மாமாவிடம் சொல்லவே இல்லை.

வெள்ளை வேட்டி, அரைக்கை சட்டை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. இந்த ஊருக்கு வரும் அப்பாக்களின் யூனிஃபார்ம் அதுதானே? தோளில் ஒரு சின்னப் பை; அதில் மாற்றுப் பையும் டிஷ்யூவும். டாக்ஸியில் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

பப் ஒரு ஹோட்டலின் தரைத்தளத்தில் இருக்கிறது. செயின் பப். பெயர் வேண்டாம். துபாயில் பல இடத்தில் உண்டு, அபுதாபியில் உண்டு, அல் ஐனில்கூட ஒன்று இருப்பதாகக் கேள்வி. எல்லாக் கிளையிலும் ஒரே மர மேஜை, சுவரில் ஒரே துருப்பிடித்த சைக்கிள், ஒரே மெனு. புத்தம் புதிதாகச் செய்த பழசு. வாசலில் உகாண்டாக்காரர் ஒருவர் கோட் போட்டு நிற்பார். பெயர் மோசஸ். டீம் லஞ்சுக்குப் போய்ப் போய் எனக்கு அவரைத் தெரியும்.

மோசஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"மேடம், யூ ஆர் வெல்கம். சார்... வெரி சாரி. நேஷனல் டிரெஸ் நாட் அலவ்டு."

பக்கத்தில் இருந்த பலகையைக் காட்டினார். ஆமாம், அப்படித்தான் போட்டிருந்தது. தேசிய உடையில் வருபவர்களுக்கு அனுமதி இல்லை.

இங்கே இருப்பவர்களுக்கு இந்த வரி தெரிந்திருக்கும். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் நீள வெள்ளை அங்கியோடு மது ஊற்றும் இடத்துக்கு வரக் கூடாது என்பதற்காகப் போட்டது. அவர்கள் உடைக்கு அவர்கள் தரும் மரியாதை, அதில் நமக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பலகையை எழுதியவர் சாத்தூரிலிருந்து ஒருவர் வருவார் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

"மோசஸ், அது வேற. இது வேஷ்டி. இந்தியா" என்றேன்.

"யெஸ் மேடம், இந்தியா. இந்தியா ஒரு நேஷன். இது இந்தியா டிரெஸ். நேஷனல் டிரெஸ்" என்றார் மோசஸ், மிகவும் பணிவாக. அவர் கணக்கில் எங்கே தப்பு என்று எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லவா? எனக்குக் கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. இங்கே இருக்கும் நமக்கெல்லாம் இது பழகிய விஷயம். இந்த ஊரில் இறங்கியதும் நாம் கற்றுக்கொள்ளும் முதல் அரபிச் சொல் 'மாஃபி'. இல்லை, கிடையாது, முடியாது – எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். கவுன்டரில் மாஃபி என்றால் திரும்பிவிடுவோம். கேட் வாசலில் மாஃபி என்றால் திரும்பிவிடுவோம். ஏன் என்று கேட்க மாட்டோம். கேட்டால் விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ, வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ... யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாமே சொல்லிக்கொள்வதுதான்.

மாமாவுக்கு அந்தச் சொல் தெரியாது.

"என்னம்மா சொல்றான் தம்பி?"

சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அவருக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. எல்லை போடாத வார்த்தை.

"நேஷனல்னு போட்டிருக்கே. எந்த நேஷன்னு போடலையே. மொட்டையா எழுதியிருக்கானே."

"மாமா..."

"எங்க நேஷன்ல பாதிப் பேருக்கு இதைக் கட்டத் தெரியாதுன்னு சொல்லு. இது எப்படி நேஷனல் டிரெஸ் ஆகும்? மேனேஜரைக் கூப்பிடச் சொல்லு."

மேனேஜர் வந்தார். நம் நாட்டுக்காரர்தான், வடக்கே எங்கோ. பெயர் ரோஹித் என்று சட்டையில் இருந்தது. வந்ததும் கை குவித்து, "நமஸ்தே அங்கிள் ஜி" என்றார். இனிமேல் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

"அங்கிள் ஜி, தோத்தி நம்முடைய தேசிய உடை. இதை அணிந்திருப்பதற்கு நீங்கள் பெருமைப்பட வேண்டும். ஆனால் இங்கே ரூல்..." என்று ஆங்கிலத்தில் இழுத்தார்.

மாமாவின் ஆங்கிலம் பத்திர ஆங்கிலம். பேச்சில் கொஞ்சம் தடுக்கும். "நான் பெருமைப்படறதுக்கு வெளியதான் நிக்கணுமான்னு கேளும்மா" என்றார் என்னிடம். கேட்டேன். ரோஹித் சிரித்துச் சமாளித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அவர்கள் வர வேண்டும்? டாக்ஸியிலிருந்து நாலு வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். அரை டவுசர். நாலு பேரும் ஒரே மாதிரி வெள்ளை ஃபுட்பால் பனியன். மேட்ச் பார்க்க வந்திருக்கிறார்கள். மோசஸ் கதவைத் திறந்து பிடித்து, "வெல்கம் ஜென்டில்மென்" என்றார்.

மாமா அவர்கள் முதுகையே பார்த்தார். பிறகு சத்தமாக எழுத்துக் கூட்டினார். "ஈ... என்... ஜி... இங்கிலாந்து." ரோஹித் பக்கம் திரும்பினார். "தட் இஸ் விச் டிரெஸ்?"

"தட் இஸ் ஃபுட்பால் ஜெர்சி சார்."

"விச் டீம்?"

"இங்கிலாந்து சார். நேஷனல் டீ..."

அந்த 'டீம்' பாதியிலேயே நின்றுவிட்டது. மோசஸ் வேகமாக வேறு பக்கம் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

ரோஹித் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்கள். ஏதாவது செய்து எங்களை உள்ளே கொண்டுபோய் உட்காரவைக்கத்தான் பார்த்தார். கிச்சனுக்கு ஆள் அனுப்பி ஒரு பேன்ட் கொண்டுவரச் சொன்னார். சமையல்காரர்கள் போடும் கறுப்புக் கட்டம் போட்ட பேன்ட். "எலாஸ்டிக்தான் மேடம், ஃப்ரீ சைஸ். வாஷ்ரூமில் மாற்றிக்கொள்ளட்டும். பத்து நிமிஷம் வேலை."

எலாஸ்டிக். எனக்கு அந்த ஹால் ஞாபகம் வந்துவிட்டது. மாமா அந்தப் பேன்ட்டைப் பார்க்கக்கூட இல்லை. "நான் சமையலுக்கு வரல, சாப்பிட வந்தேன்" என்றார்.

அவர் வெகு நேரமாக நிற்கிறார் என்பது எனக்கு உறைத்தது. காலையில் சாப்பிட்டது. பை எந்த நிலையில் இருக்கிறதோ... அவர் ஒரு கையை வயிற்றுப் பக்கம் வேட்டி மடிப்பின் மேல் வைத்திருந்தார். பயம் வந்தால்தான் கை அங்கே போகும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"லுக், மை ஃபாதர் இன் லா ஹேஸ் எ மெடிக்கல்..." என்று ஆரம்பித்தேன்.

ரோஹித்தின் முகம் மலர்ந்துவிட்டது. "மெடிக்கலா? முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா மேடம்? மெடிக்கல் ரீசன் என்றால் நான் எக்ஸப்ஷன் கொடுக்கலாம். என்ன பிராப்ளம் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்."

பாருங்கள், எவ்வளவு சுலபம். நாலு வார்த்தை சொன்னால் கதவு திறந்துவிடும். வயிறு, ஆபரேஷன், பை. சொல்லிவிட்டால் மாமா உட்காரலாம், ஆசைப்பட்ட கிளாஸைப் பிடிக்கலாம். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"வேண்டாம்மா."

மாமா என் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடி நன்றாகவே இருந்தது.

"மாமா, சொன்னா விட்ருவாங்க. அவ்வளவுதான் விஷயம்."

"விடுவாங்க. இரக்கப்பட்டு விடுவாங்க. அதுக்கப்புறம் அந்த வெயிட்டர் பையன்லருந்து எல்லாரும் என் வயித்தையே பாப்பாங்க. நான் நோயாளியா வரலம்மா. நோயாளியா இருக்கணும்னா வீட்லயே இருந்திருப்பேன். கஸ்டமரா வந்திருக்கேன். இந்த டிரெஸ்ஸை ஏன் போட்டிருக்கேன்னு சொன்னாத்தான் உள்ள விடுவான்னா எனக்கு அந்த பீர் வேண்டாம்."

எத்தனை வாசலில் நாம் நம் வயிற்றைத் திறந்து காட்டியிருக்கிறோம்? எமர்ஜென்சி லீவு கேட்கும்போது அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃபோனில் காட்டுகிறோம். டியூட்டி மாற்றிக் கேட்கும்போது பிள்ளைக்கு வீசிங் என்று விவரமாகச் சொல்கிறோம். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக்கூடக் கஷ்டத்தைச் சொல்லித்தான் வாங்கிப் பழகிவிட்டோம். கிடைத்ததும் பெரிய உபகாரம் என்று தாங்க் யூ வேறு சொல்கிறோம்.

மாமா ரோஹித்திடம் திரும்பினார். இந்த முறை என்னை மொழிபெயர்க்க விடவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, அவரே பேசினார்.

"நோ மெடிக்கல். யூ ஃபோன் யுவர் ஹெட் ஆபீஸ். ஆஸ்க் ஒன் கொஸ்டின். நேஷனல் டிரெஸ் மீன்ஸ் – விச் நேஷன்? ஐ வெயிட்."

சொல்லிவிட்டு லாபியில் இருந்த சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். ரோஹித் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு தூண் பக்கம் போனார்.

நான் மாமா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "மாமா, பாத்ரூம் போகணுமா? கிளம்பிடலாமா?"

"பாதிதான் ஆயிருக்கு. நீ பயப்படாத" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கும் பயம்தான். ஆனா இப்பத் திரும்பிப் போனேன்னா அப்புறம் நான் வெளியவே வர மாட்டேம்மா. எனக்கு என்னைத் தெரியும்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது – அவர் பீருக்காகச் சண்டை போடவில்லை. இன்னொரு தடவை அந்த ஃபிளாட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்று போடுகிறார். எனக்கு இருந்த கூச்சமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. ராத்திரிவரை அங்கேயே உட்கார வேண்டும் என்றாலும் உட்காரத் தயாராகிவிட்டேன். ரோஹித் தூண் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தபோதெல்லாம் முறைத்தேன்.

ஃபோன் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனது போலிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ரோஹித் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. 'தோத்தி' என்பதை மூன்று முறை எழுத்துக் கூட்டினார். வந்து நின்றபோது அவருக்கு வியர்த்திருந்தது, அந்த ஏசியிலும்.

"சார், அது இந்த நாட்டு உடைக்கும் பக்கத்து அரபு நாட்டு உடைகளுக்கும்தான். உங்களுடையது அதில் வராது. ப்ளீஸ் கம். இந்த முறை..."

மாமா எழுந்திருக்கவில்லை. "திஸ் டைம்?"

"யெஸ் சார், திஸ் டைம்..."

"நோ திஸ் டைம். எவ்ரி டைம்."

ரோஹித் பெருமூச்சு விட்டார். "எவ்ரி டைம் சார்."

மோசஸ் கதவைத் திறந்து பிடித்தார். மாமா வேட்டியை ஒரு கையால் லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த இங்கிலாந்துக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு மேட்ச் ஆரம்பித்துவிட்டது.

சரி, இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனோமே, சாப்பாடு எப்படி? அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள்.

மெனு கார்டு கிடையாது. மேஜையில் ஒட்டிய கட்டத்தை ஃபோனில் ஸ்கேன் செய்ய வேண்டும். மாமா, "வாயில சொன்னா ஆகாதா?" என்றார். நேபாளத்து வெயிட்டர் ஒருவர் வந்து வாயாலேயே சொன்னார். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு தட்டு, எனக்குக் காளான் அடைத்துச் சுட்ட 'பை' ரொட்டி ஒன்று. பீரில் சின்னது.

"என்ன மீன் தம்பி?"

"ஒயிட் ஃபிஷ் சார்."

"வெள்ளைங்கறது கலரு. மீன் பேரு என்ன?"

வெயிட்டர் உள்ளே போய்க் கேட்டு வந்தார். ஏதோ ஒரு பேர் சொன்னார். மாமாவுக்குப் பிடிபடவில்லை. வந்த மீன் தலையணை மாதிரி இருந்தது. உடைத்தால் மாவு மாவாக, மாவுக்குள்ளே சின்னதாக மீன். உப்பு இல்லை. காரம் என்ற பேச்சே இல்லை. மிளகாய்த்தூள் கேட்டோம், ஒரு சிவப்பு சாஸ் பாட்டில் வந்தது, புளித்தது. ஓரத்தில் பச்சையாக ஒரு மசியல். பட்டாணி. மாமா ஸ்பூன் நுனியில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, "ஆபரேஷன் முடிஞ்சு மொத மொதல்ல இதைத்தான் ஆஸ்பத்திரில குடுத்தாங்க" என்றார். என் காளான் ரொட்டியில் காளான் ஒன்றிரண்டு இருந்தது, தேடினால்.

பீர் மட்டும் நன்றாக இருந்ததாம். சின்ன கிளாஸ்தான், ஆனாலும் உயரமாக இருந்தது. ஒரு வாய் குடிப்பார், கீழே வைப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், இன்னொரு வாய். நுரை மீசையில் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

பாதி கிளாஸில் எழுந்தார். "வந்துர்றேன்." தோள்பையை எடுத்துக்கொண்டார்.

எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அவர் இத்தனை மாதம் வெளியே வரவில்லை. கூடப் போகவும் முடியாது, ஆண்கள் பக்கம். உட்கார்ந்தே இருந்தேன். மேட்சில் யாரோ கோல் போட்டார்கள், கடையே அதிர்ந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஃபோன் அடித்தது. கார்த்தி, சைட்டிலிருந்து.

"உள்ள விட்டாங்களா?"

"விட்டாங்க."

"பேன்ட்லயா?"

"வேட்டிலதான்."

"அப்பா எங்க?"

"பாத்ரூம்."

பின்னால் கிரேன் ஓடும் சத்தம் கேட்டது. "தனியாவா?" என்று கேட்டார் பிறகு.

"தனியாத்தான்."

"சரி... வெச்சிர்றேன்" என்றார். என் கண்ணில் தண்ணீர் நின்றது, ஒளிப்பானேன்?

மாமா வந்தார். வேட்டியைப் புதிதாகக் கட்டியிருந்தார். முகம் கழுவியிருந்தார், மீசை நுரை போயிருந்தது. உட்கார்ந்து கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கு. கழுவுற பைப் இருக்கு. தோள்பையை மாட்டக் கொக்கி இருக்கு. ஒரு மனுசனுக்கு வேற என்னம்மா வேணும்?"

"அப்ப மாலுக்குப் போலாமா மாமா? பீச்சுக்கு?"

"அங்கயும் கொக்கி இருக்கான்னு கேட்டுச் சொல்லு, போலாம்" என்றார்.

பில் கொண்டுவந்தது ரோஹித்தே. பாவம், அவருக்கும் இந்த மேஜை நல்லபடியாக முடிய வேண்டும். "எவ்ரிதிங் ஓகே சார்? எனி ஃபீட்பேக்?"

நாமாக இருந்தால் என்ன சொல்வோம்? "வெரி நைஸ்" என்போம். உப்பில்லாத மீனைத் தின்றுவிட்டு, வாசலில் அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, வெரி நைஸ்.

மாமா கேள்வியை ஒழுங்காக எடுத்துக்கொண்டார். யோசித்துப் பதில் சொன்னார். "ஃபிஷ், நோ சால்ட். பீஸ், ஒன்லி ஃபார் பேஷன்ட். மஷ்ரூம், வெரி ஃபியூ. பீர், குட். பாத்ரூம், ஃபர்ஸ்ட் கிளாஸ்."

ரோஹித்துக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. "சாரி சார். ஐ ஹோப் யூ வில் கிவ் அஸ் ஒன் மோர் சான்ஸ்" என்றார்.

மாமா எழுந்தார். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"நெக்ஸ்ட் சாட்டர்டே," என்றார். "சேம் டிரெஸ்."